கார்த்திகை இருளும் கொல்லைப்புற யந்திரமும்

தென்காசிச் சீமைக்கு மழை ஆண்டில் இருமுறை வருகிறது. இரண்டின் சுபாவமும் வேறு. ஆனி பிறந்ததும் ஆரியங்காவுக் கணவாய் வழியே மேற்கிலிருந்து புகும் காற்று, தான் சுமந்து வந்த நீரின் பெரும்பகுதியை மலைக்கு அப்பால் மலையாள தேசத்தில் கொட்டிவிட்டு, மிச்சத்தைப் பொடித் தூறலாக்கிக் குற்றாலத்தின்மேல் தூவுகிறது. அதைச் சாரல் என்று கொண்டாடி, நாட்டின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் அருவியாட வந்து சேருகிறார்கள். ஐப்பசிக்குப் பிறகு வருவதோ, கிழக்குக் கடலில் திரண்டு, வடகிழக்குக் காற்றோடு நாட்டைக் கடந்து, மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி, அப்பால் செல்ல வழியின்றி நின்ற இடத்திலேயே கொட்டித் தீர்க்கும் அடைமழை. அந்நாட்களில் பேரருவியின் பாதுகாப்பு வளைவு செந்நீருக்குள் மறைந்துபோகும்; ஐந்தருவியின் கிளைகள் ஐந்தும் ஒன்றாகி ஒரே வெள்ளமாக இறங்கும்; குளிப்பதற்குத் தடை விதிக்கப்பட்டுக் கடைத்தெரு வெறிச்சோடும். அப்படிப்பட்ட ஓர் இரவில், அடுக்களையில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருக்கும் வேளையில், கரண்ட் போய்விடும்.

மின்தடையில் இரண்டு வகை உண்டு. மின்சாரமே போதாமல் போவது ஒன்று. மின்சாரம் இருந்தும் அதைக் கொண்டுவந்து சேர்க்கும் கம்பி அறுந்துபோவது மற்றொன்று. 2012-ஆம் ஆண்டை ஒட்டித் தமிழ்நாட்டின் தென்மாவட்டங்கள் பகலும் இரவும் மணிக்கணக்கில் இருளில் கிடந்தது முதல் வகையைச் சேர்ந்தது. தையற்கடை முதல் பல் மருத்துவமனை வரை வாசலில் ஒரு ஜெனரேட்டர் நிற்கும் வழக்கம் நம் கடைத்தெருக்களில் வேரூன்றியது அந்தக் காலத்தில்தான். மார்கழியை ஒட்டி வரும் தடையோ இரண்டாம் வகை. 1944-இல் பாபநாசத்தில் தாமிரபரணியின் வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுக்கத் தொடங்கிய காலம் முதல் இந்த வட்டாரம் மின்சாரத்தைப் பிறப்பிக்கும் வட்டாரமாகவே இருந்து வருகிறது. சுரண்டை, ஆலங்குளம் பக்கம் போகிறவர்கள் கணவாய்க் காற்றில் சுழலும் காற்றாலைகளை வரிசை வரிசையாகக் காணலாம். அணை நிரம்பி வழியும் கார்த்திகையில் அந்தப் புனல் மின்நிலையத்துக்கு நீர்ப் பஞ்சமில்லை. ஆயினும் மலையடிவாரத்துத் தோப்பொன்றில் தென்னை மட்டை முறிந்து கம்பிமேல் விழுந்தாலும், நனைந்த பீங்கான் இன்சுலேட்டரின் முகத்தில் மின்சாரம் பொறி பறக்கத் தாவினாலும், டிரான்ஸ்பார்மர் மேடையைத் தண்ணீர் சூழ்ந்ததால் அதிகாரிகளே இணைப்பைத் துண்டித்தாலும், ஊர் இருண்டுவிடுகிறது. பிறப்பிடம் அருகிலேயே இருந்தும் பயனில்லை. கடைசிக் கம்பத்துக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள தூரமே விதியை நிர்ணயிக்கிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணிக் கரை மக்கள் இதைக் கண்கூடாகக் கண்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்தின் நடுவே நூற்றுக்கணக்கான பிரயாணிகளோடு நின்றுபோயிற்று. நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் பல ஊர்கள் மின்சாரமும் தொலைபேசியும் இன்றித் தவித்தன. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் சோழநாட்டுக் கடற்கரையைத் தாக்கியபோது, ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் சாய்ந்து, சில கிராமங்களுக்கு மின்சாரம் திரும்பி வரப் பல வாரங்கள் ஆயின. வண்டியில் ஏற்றிய ஜெனரேட்டர்கள் தெருத்தெருவாகச் சென்று, மேல்நிலைத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஏற்றிக் கொடுத்தன. இத்தகைய அனுபவங்களின் பயனாக, முன்பு கல்யாண மண்டபத்துக்கும் திருவிழாப் பந்தலுக்கும் உரியதாக இருந்த அந்த யந்திரம், நடுத்தரக் குடும்பத்தின் கொல்லைப்புறத்துக்கும் வந்து சேர்ந்துவிட்டது. அது வந்த வேகத்தில் அதைப் பற்றிய அறிவு உடன் வரவில்லை என்பதே இந்த அத்தியாயத்தை எழுதுவதற்குக் காரணம்.

அதன் உள்ளே நடப்பது என்ன? 1831-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் மைக்கேல் பாரடே, ஒரு காந்தத்தைக் கம்பிச் சுருளுக்குள் நுழைத்தும் வெளியே இழுத்தும் பார்த்தபோது, காந்தம் அசையும் நேரத்தில் மட்டும் கம்பியில் மின்சாரம் ஓடி, அசைவு நின்றவுடன் அதுவும் நின்றுபோவதைக் கண்டறிந்தார். காந்தம் இருப்பதனால் மின்சாரம் பிறப்பதில்லை. அதன் மாறுதலினால் பிறக்கிறது. உலகத்து அனல் நிலையங்களும் புனல் நிலையங்களும் அணு நிலையங்களும் இந்த ஒரே நியதியின்மேல் நிற்கின்றன. நம் கொல்லையில் பெட்ரோல் மணக்க நிற்கும் பெட்டியும் அப்படியே. அதில் ஒரு சிறு என்ஜின் நிமிஷத்துக்கு 3000 தடவை காந்தத்தைச் சுழற்றுகிறது. விநாடிக்கு 50 சுற்று என்பதால், நம் நாட்டு மின்சாரத்துக்குரிய 50 ஹெர்ட்ஸ் துடிப்பு அதிலிருந்து கிடைக்கிறது.

கயிற்றை இழுத்து அதைக் கிளப்புகிறவர் சற்றுக் காது கொடுத்துக் கேட்டால், பௌதிகத்தின் ஆழ்ந்த உண்மை ஒன்றைச் செவியாலேயே அறியலாம். சோக்கை மூடி, கயிற்றை ஓங்கி இழுத்ததும் என்ஜின் இருமலோடு உயிர்பெற்று, சோக்கைத் திறந்தபின் சீராக ஓடத் தொடங்குகிறது. அப்போது வீட்டுக்குள் யாரேனும் கிரைண்டரைப் போட்டால், அதே கணத்தில் வெளியே என்ஜின் அடித்தொண்டையில் உறுமும். ஓர் இமைப்பொழுது வேகம் தாழ்ந்து, விளக்கு மங்கி, கவர்னர் கூடுதல் பெட்ரோலை ஊட்டியபின் பழைய ஸ்வரத்துக்குத் திரும்பும். கம்பியில் மின்சாரம் ஓடினால் அது தன்னைப் பிறப்பித்த சுழற்சியையே எதிர்த்து நிற்கும் என்று 1834-இல் லென்ஸ் என்ற விஞ்ஞானி வகுத்துச் சொன்ன விதி அந்த உறுமலில் ஒலிக்கிறது. சும்மா சுழலும் ஜெனரேட்டரைச் சுற்றுவது எளிது; அதனிடம் வேலை வாங்கும்போது, வாங்கும் ஒவ்வொரு வாட்டுக்கும் என்ஜின் தன் தோள்பலத்தைக் கொடுத்தாக வேண்டும். இயற்கை இதில் எவருக்கும் கடன் தருவதில்லை.

ஆகவே யந்திரத்தின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தகட்டில் எத்தனை வாட் என்று பொறித்திருக்கிறதோ, அதற்குள் அடங்கி வாழ்வது முதல் ஒழுக்கம். எல்.இ.டி. பல்பு ஒன்றுக்கு 9 வாட்டும் பழைய மாதிரி மின்விசிறிக்கு 75 வாட்டும் போதும். மிக்ஸிக்கு 500 முதல் 750 வரை, இன்டக்ஷன் அடுப்புக்கு 2000 வரை வேண்டும். மோட்டார் வைத்த பொருள்கள் கிளம்பும் கணத்தில், ஓடும்போது கேட்பதைப்போல ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கின்றன என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஒரு குதிரைசக்தி மோட்டார் 746 வாட்தானே என்று எண்ணி, 1000 வாட் யந்திரத்தில் கிணற்று மோட்டாரை மாட்டினால் அது கிளம்பாமல் முனகி நின்று, சுருளைக் கருக்கிவிடும். இவ்வளவு கணக்கு யாருக்கும் விளங்கும். கடைக்காரரும் சொல்லிக் கொடுப்பார். அவர் பெரும்பாலும் சொல்லாமல் விடுவது, அந்த யந்திரத்திலிருந்து வெளியே போகும் புகை எங்கே போகிறது, மின்சாரம் எங்கே போகிறது என்ற இரண்டு விஷயங்களைத்தான். உயிர் போவது இவ்விரண்டினால்.

முதலில் புகை. பெட்ரோலில் உள்ள கரி முழுமையாக எரிந்தால் கரியமில வாயு உண்டாகும். எரிவதற்குப் போதிய காற்று கிடைக்காவிட்டால் பாதி எரிந்த நிலையில் கார்பன் மோனாக்ஸைடு உண்டாகும். டீசல் என்ஜின் தேவைக்கு மிஞ்சிய காற்றோடு எரிப்பதால் இந்த வாயு அதில் குறைவு. ஆனால் வீட்டுக்கு வாங்கும் சிறிய பெட்ரோல் ஜெனரேட்டரிலும், பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் பழைய வகையிலும், காற்றைவிட எரிபொருள் ஓங்கி நிற்பதனால் இது ஏராளமாகப் பிறக்கிறது. அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், இடம் மாற்றி எடுத்துச் செல்லத்தக்க ஒரு ஜெனரேட்டர் நூற்றுக்கணக்கான கார்கள் விடும் அளவுக்குக் கார்பன் மோனாக்ஸைடை விடக்கூடும் என்று எச்சரித்து வருகிறது. காருக்கு நச்சை முறிக்கும் கருவி புகைக்குழாயில் உண்டு. இந்தப் பெட்டியில் இல்லை.

இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, தொண்டையைக் கமறவைக்கும் காரமும் இல்லை. புகை நாற்றம் என்று நாம் முகர்வதெல்லாம் அதன் கூட்டாளிகளான வேறு பொருள்களையே. ஆகையால் நாற்றம் அடங்கிவிட்டது என்பது நச்சு அடங்கியதற்குச் சாட்சியல்ல. இது ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினைப் பற்றிக்கொண்டு பிராணவாயுவை ஏறவிடாமல் தடுக்கிறது என்பதைப் பிரான்ஸ் தேசத்து கிளாட் பெர்னார்ட் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் விளக்கினார். பின்னர் 1895-இல் ஜே. எஸ். ஹால்டேன் என்ற ஸ்காட்லாந்து உடலியல் அறிஞர் இந்த வாயுவைத் தாமே சுவாசித்து, தம் மூச்சு வாங்குவதையும் கால் தள்ளாடுவதையும் கண் மங்குவதையும் குறித்துக்கொண்டே சென்றார். சுரங்கத் தொழிலாளர்கள் வெடிவிபத்துகளுக்குப் பின் கூட்டம் கூட்டமாக மடிந்ததன் காரணத்தை உலகம் தெளிவாக உணர்ந்ததும், எச்சரிக்கைக்காகச் சிறு பிராணிகளைச் சுரங்கத்துக்குள் கொண்டுசெல்லும் வழக்கம் ஏற்பட்டதும் அவருடைய தைரியத்தின் பலன்.

கணக்கு மிக எளிமையானது. எளிமையானதால்தான் அச்சம் தருகிறது. ஹீமோகுளோபினுக்குப் பிராணவாயுவின்மேல் உள்ள பற்றைக் காட்டிலும் கார்பன் மோனாக்ஸைடின்மேல் உள்ள பற்று இருநூறு மடங்குக்கும் அதிகம். காற்றில் பிராணவாயு நூற்றுக்கு 21 பங்கு. அதை இருநூற்றுச் சொச்சத்தால் வகுத்தால் கிடைப்பது ஆயிரத்தில் ஒரு பங்கு. அதாவது, காற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கு இந்த வாயு கலந்திருந்து அதைச் சில மணி நேரம் சுவாசித்தால், ரத்தத்தின் சரிபாதியை அது கைப்பற்றிவிடும். மீதிப் பாதி சுமக்கும் பிராணவாயுவும் உடலின் திசுக்களுக்கு எளிதில் இறங்காதபடி பிடிபட்டு நிற்கும். பதின்மூன்று அடிச் சதுரமும் பத்தடி உயரமும் உள்ள ஓர் அறையில் ஏறக்குறைய 48,000 லிட்டர் காற்று இருக்கிறது. அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு 48 லிட்டர். எடையில் சுமார் 55 கிராம். சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர் ஒரு மணி நேரத்தில் இதைப்போலப் பல மடங்கை வெளியேற்ற வல்லது. ஆகவே மூடிய அறையொன்றில் அது ஓடினால், உள்ளே உறங்குகிறவர் பிழைத்தெழ அரைமணி நேர அவகாசம்கூட இல்லாமற் போகலாம்.

ஜெனரேட்டரை யார் அறைக்குள் வைப்பார்கள் என்று வாசகர் கேட்கலாம். வேனிற்காலத்தில் எவரும் வைப்பதில்லை, கார்த்திகையில் வைக்கிறார்கள். யந்திரம் நனையக்கூடாது என்பது நியாயமான கவலை; அந்தக் கவலையினால் அதைக் கொல்லையிலிருந்து தாழ்வாரத்துக்கும், சாய்த்தடிக்கும் மழை அங்கேயும் எட்டினால் தார்சாவுக்கும், திருடர் பயத்தினால் கார் நிறுத்தும் கொட்டகைக்கும் தள்ளிக்கொண்டே வருகிறார்கள். அதே மழையும் குளிரும் காரணமாக வீட்டின் ஜன்னல்கள் எல்லாம் அடைபட்டிருக்கின்றன, ஒன்றைத் தவிர; அந்த ஒன்று, ஜெனரேட்டரிலிருந்து உள்ளே வரும் வயருக்காக ஒருக்களித்துத் திறந்துவைத்த ஜன்னல். நஞ்சுக்கு அழைப்பு அனுப்புவதென்றால் இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறு இல்லை.

இன்னொரு விஷயம், இந்த ஊருக்கே உரியது. தென்காசி விசுவநாதர் கோயில் வாசலில் ஆடி மாதத்தில் நின்றவர்களுக்கு மேற்குக் காற்றின் பலம் தெரியும். அந்தக் காற்றை நினைத்து, வீட்டுக்குக் கிழக்கே, காற்று புகையை அள்ளிக்கொண்டு போகும் மூலையில், யந்திரத்துக்கு இடம் ஒதுக்குகிறார்கள். ஆடியில் அது மிகச் சரியான இடம். ஐப்பசிக்குப் பிறகு காற்றின் திசை புரண்டு வடகிழக்கிலிருந்து வீசத் தொடங்கும்போது, அதே மூலையிலிருந்து புகை நேராக வீட்டின்மேல் வந்து படிகிறது. மின்தடை மிகுதியாக வரும் காலத்துக் காற்றை வைத்தே இடம் தேர்ந்தெடுக்க வேண்டும். இங்கே அதற்குப் பொருள், வீட்டுக்குத் தென்மேற்கே, கதவு ஜன்னல்களிலிருந்து இருபது அடியாவது தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்குப் புறங்காட்டி நிற்கும்படி, நான்கு கால் நட்டுத் தகரம் வேய்ந்து, நாலாபுறமும் திறந்துவிட்ட ஒரு பந்தல். சுவரோடு சுவர் ஒட்டிய தெரு வீடுகளில், நம் வீட்டுக்கு இருபது அடி அப்பால் என்பது அடுத்த வீட்டுப் படுக்கையறையாக இருக்கக்கூடும். அவ்வளவு திறந்த வெளி இல்லாதவர்கள் ஜெனரேட்டர் வாங்கவே கூடாது என்பது என் துணிந்த அபிப்பிராயம்.

நஞ்சேறியதை எப்படி அறிவது? தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, கால் சோர்வு. மழைநாளில் இவற்றைப் பித்தம் என்றோ குளிர்ச்சி என்றோ எண்ணி, நெற்றியில் தைலம் தடவி, போர்த்திக்கொண்டு படுத்துவிடுகிறோம். அந்தப் படுக்கைதான் அபாயம். வீட்டில் உள்ள எல்லோருக்கும் ஒரே வேளையில் தலை வலித்தால், வாசலுக்கு வந்ததும் சற்றே தெளிந்தால், அது பித்தமல்ல என்று உடனே தீர்மானித்து, எல்லோரையும் வெளியே கொண்டுவந்து மருத்துவமனைக்கு விரைய வேண்டும். கொரோனா காலத்தில் வாங்கிவைத்த ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டி 98 என்று கண்டு ஆறுதல் அடைவது பெரும் பிழை. அக்கருவி ரத்தத்தின் நிறத்தைப் பார்த்தே கணிக்கிறது, கார்பன் மோனாக்ஸைடு ஏறிய ரத்தமும் அதன் கண்ணுக்குப் பிராணவாயு ஏறிய ரத்தம் போலவே சிவந்து தெரிகிறது. சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் இந்த நஞ்சு பாதியாகக் குறைய நாலைந்து மணி நேரம் ஆகும். முகமூடி வழியே தூய பிராணவாயு கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணியில் பாதியாகும். மருத்துவமனைக்கு ஏன் போக வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தைக் கடும் பனிப்புயல் தாக்கி, லட்சக்கணக்கான வீடுகளுக்கு மின்சாரம் நின்றபோது, ஜெனரேட்டரையும் காரையும் கரியடுப்பையும் மூடிய இடங்களில் இயக்கிய காரணத்தால் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்த நஞ்சோடு சிகிச்சைக்கு வந்தனர். அங்கே குளிரே உயிரைக் குடிக்கக்கூடியது. வெப்பத்துக்காக அவர்கள் அபாயத்தைத் துணிந்தார்கள். குற்றாலத்துக் குளிருக்கு ஒரு கம்பளி போதும். அதனால் அந்தத் துணிச்சலுக்கு இங்கே எந்த அவசியமும் இல்லை.

இனி மின்சாரம் போகும் வழி. வீட்டில் உள்ள பிளக் பாயின்ட் ஒன்றில் ஜெனரேட்டரின் வயரைச் செருகிவிட்டால் வீடு முழுவதும் விளக்கு எரியும் என்று சிலர் கண்டுபிடித்து, இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயர் ஒன்றைத் தயார் செய்துவைத்திருக்கிறார்கள். விளக்கு எரிவது மெய்தான். ஆனால் வீட்டு வயரிங் மெயின் சுவிட்சோடு முடிந்துவிடுவதில்லை. அது மீட்டர் வழியாகக் கம்பத்துக்கும், கம்பத்திலிருந்து தெருமுனை டிரான்ஸ்பார்மருக்கும் தொடர்ந்து செல்கிறது. டிரான்ஸ்பார்மர் ஒருவழிப் பாதையன்று. 11,000 வோல்ட்டை வீட்டுக்கேற்றபடி இறக்கித் தரும் அதே சுருள்கள், வீட்டுப் பக்கத்திலிருந்து 230 வோல்ட்டைக் கொடுத்தால், அதை நாற்பது மடங்குக்கு மேல் உயர்த்தி, ஏறத்தாழ பத்தாயிரம் வோல்ட்டாக மேல் கம்பியில் கொண்டுபோய் நிறுத்தும். தெருவில் உள்ள எல்லா வீட்டுச் சுமையும் சேர்ந்து இழுத்தால் சிறிய ஜெனரேட்டர் திணறி நின்றுபோகும் என்பதும் உண்மை. ஆனால் புயலில் கம்பி எங்கே அறுந்திருக்கிறது, எத்தனை வீடுகள் மெயினை அணைத்திருக்கின்றன என்பதை யார் அறிவார்? மேல் கம்பிக்கு ஏறாவிட்டாலும், கீழ்க் கம்பியில் நிற்கும் 230 வோல்ட்டே நனைந்த கையைப் பற்றிக் கொல்லப் போதுமானது.

அந்த வேளையில் கம்பத்தில் இருப்பவர் யார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு விளக்கைப் போட்டுக்கொள்ளும் அதே நள்ளிரவில், மழைக்கோட்டும் தலையில் விளக்குமாக, வயர்மேனும் அவருடைய உதவியாளரும் முழங்கால் தண்ணீரில் நடந்து வருகிறார்கள். ஏ.பி. சுவிட்சின் பிடியைக் கீழே இழுத்து மேல் லைனைத் துண்டித்து, பூட்டுப் போட்டு, நீண்ட கழியின் முனையில் உள்ள கொக்கியை மூன்று கம்பிகளிலும் மாட்டி, அதன் சங்கிலியை மண்ணில் புதைத்த கம்பியோடு இணைத்த பிறகே மேலே ஏற வேண்டும் என்பது முறை. எங்கிருந்தேனும் மின்சாரம் திரும்பி வந்தால் அது மனிதன் வழியே போகாமல் மண்ணுக்குள் போகட்டும் என்பதற்காக. அதற்கு முன்னும், “அண்ணாச்சி, இந்தத் தெருவுல யாராவது ஜெனரேட்டர் போட்டிருக்காவளா?” என்று அவர்கள் வீட்டு வாசல்களை நோக்கிக் குரல் கொடுப்பதைக் கேட்டிருக்கிறேன். அந்தக் கேள்விக்கு மழை இரைச்சலில் பதில் வராமற் போவதுண்டு.

இதற்குப் பரிகாரம் எளிது, மலிவு. சேஞ்ச் ஓவர் சுவிட்ச் என்று கடையில் கேட்டால் கிடைக்கும். அதன் கைப்பிடி மேலே நின்றால் வீடு மின்வாரியத்தோடு இணையும். கீழே நின்றால் ஜெனரேட்டரோடு இணையும். நடுவில் நின்றால் எதனோடும் இணையாது. இரண்டோடும் ஒரே சமயத்தில் இணைவது அதன் அமைப்பிலேயே அசாத்தியம். மனிதனுடைய ஞாபகசக்தியை நம்பாமல் இரும்பின் வடிவத்தை நம்புவதால் அந்தச் சாதனத்தின்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஃபேஸ், நியூட்ரல் ஆகிய இரண்டையும் அது மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றுவது போதாது. மின்சாரப் பாதுகாப்பு விதிகள் கோருவதும் இத்தகைய பிரிவினையைத்தான். உரிமம் பெற்ற ஒயரிங்காரரைக் கொண்டு, மழை தொடங்குவதற்கு முன்பே, புரட்டாசியிலேயே அதைப் பொருத்திவிடுவது நல்லது.

மாடியில் சூரிய மின்தகடு வைத்திருக்கும் பலர், வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே கரண்ட் போனவுடன் தங்கள் வீடும் இருண்டுபோவதைக் கண்டு, கருவியில் கோளாறு என்று நினைக்கிறார்கள். கோளாறு அன்று. மின்வாரியக் கம்பியோடு இணைந்த சூரிய இன்வர்ட்டர், அந்தக் கம்பியில் துடிப்பு நின்றதை உணர்ந்த மறுகணமே தன்னையும் நிறுத்திக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. கம்பத்தில் ஏறும் அதே மனிதரைக் காக்க, பொறியாளர்கள் ஜெனரேட்டருக்குச் செய்யாத ஏற்பாட்டைச் சூரியக் கருவிக்குள் செய்துவைத்திருக்கிறார்கள்.

தண்ணீரைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. உயரத்தில் வை என்பதோடு அது முடிந்துவிடும். 2011 மார்ச் 11-இல் ஜப்பானின் புகுஷிமா அணுமின் நிலையத்தில் அவசரகால ஜெனரேட்டர்களில் பலவற்றைக் கட்டடங்களின் தாழ்ந்த தளங்களில் வைத்திருந்ததால், சுனாமி புகுந்து அவை செயலிழந்ததன் பின்விளைவுகளை உலகம் அறியும். நம் கொல்லையில் இரண்டடி உயரத்துக்குச் செங்கல் மேடை ஒன்று கட்ட ஒருநாள் வேலை போதும்.

இவ்வளவையும் சொன்னபின், இந்த யந்திரம் உங்களுக்கு வேண்டியதுதானா என்ற கேள்வியையும் எழுப்பாமல் இருக்க முடியவில்லை. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் சக்தி அடங்கியிருக்கிறது. சிறிய ஜெனரேட்டர் அதிலிருந்து ஒன்றரை யூனிட் மின்சாரம் எடுத்துத் தந்தால் அதிகம், எஞ்சியது சூடாகவும் சத்தமாகவும் போய்விடும். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட்டை அரசு இலவசமாகத் தரும் தமிழ்நாட்டில், நாம் ஒரு யூனிட்டை அறுபது, எழுபது ரூபாய்க்கு வாங்குகிறோம். கார்த்திகை இரவில் நமக்கு வேண்டியதோ மிகச் சொற்பம்: நாலு விளக்கு, செல்போனுக்குச் சார்ஜ், வேண்டுமானால் மெதுவாகச் சுற்றும் ஒரு மின்விசிறி. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பாட்டரி ஒன்றோடு கூடிய இன்வர்ட்டர், 100 வாட் சுமையைப் பத்து மணி நேரத்தை ஒட்டித் தாங்கும். அதற்குப் புகை இல்லை. ஃபிரிட்ஜைத் திறக்காமல் விட்டால் நாலு மணி நேரம் அது தன் குளிர்ச்சியைக் காக்கும். இன்சுலின் வைத்திருக்கும் வீட்டார்தான் அதிகமாகப் பதறுகிறார்கள்; பயன்பாட்டில் உள்ள இன்சுலின் வகைகளில் பெரும்பாலானவை 30 டிகிரிக்கு மேற்படாத அறை வெப்பத்தில் ஏறக்குறைய நான்கு வாரம் கெடாமல் இருக்கும்; எந்த வகைக்கு எத்தனை நாள் என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளலாம். ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டரின் துணையோடு மூச்சுவிடும் முதியவர் இருக்கும் வீட்டுக்கும், நாட்கணக்கில் கரண்ட் வராத கடைக்கோடிக் கிராமத்துக்கும், கிணற்றுத் தண்ணீரையே நம்பியிருக்கும் தெருவுக்கும் ஜெனரேட்டர் அவசியம். பத்து வீட்டார் சேர்ந்து ஒன்றை வாங்கி, திறந்த வெளியில் நிறுத்தி, நாளுக்கு இரண்டு மணி நேரம் ஓட்டி, தொட்டியை நிரப்பி, ஒவ்வொரு வீட்டுப் பாட்டரிக்கும் சார்ஜ் ஏற்றிக்கொள்வதைக் காட்டிலும் சிறந்த உபயோகம் அதற்கு எனக்குத் தெரியவில்லை.

வைத்திருப்பவர்கள், ஓடிக்கொண்டிருக்கும்போது பெட்ரோல் ஊற்றக்கூடாது. நிறுத்தி, புகைக்குழாயைத் தொடும் அளவுக்குச் சூடு தணிந்தபின், டார்ச் வெளிச்சத்தில் ஊற்ற வேண்டும், அருகில் மெழுகுவர்த்தி வேண்டாம். கரண்ட் திரும்பியதும் முதலில் வீட்டுச் சுமையை ஒவ்வொன்றாக அணைத்து, பிறகு சேஞ்ச் ஓவரை நடுநிலைக்கும் அதன்பின் மின்வாரியப் பக்கத்துக்கும் தள்ளி, யந்திரத்தைச் சில நிமிஷம் சும்மா ஓடவிட்டுக் கடைசியில் நிறுத்துவது முறை. தை பிறந்து மழை ஓய்ந்ததும், பெட்ரோல் குழாயின் திருகை மூடிவிட்டு, கார்புரேட்டரில் மிஞ்சியிருப்பது தீர்ந்து தானே நிற்கும்வரை ஓட்டி, தொட்டியையும் காலி செய்து வைக்க வேண்டும். தேங்கிய பெட்ரோல் சில மாதங்களில் பிசினாக இறுகி நுண்துளைகளை அடைத்துவிடும், அடுத்த ஐப்பசியில் கயிற்றை எத்தனை தரம் இழுத்தாலும் அது எழாது.